டிவிக்கு முன்னால் திறந்த வாய்

டிவி பூசைக்கும் முக்காடு போட்டுக்கொண்ட என் அம்மாவுக்கு,

உன்னுடைய ஞாயிற்றுக்கிழமை டிவி பூசை இன்னும் நடக்கிறது. நீ போனால் நின்றுவிடுமா என்ன? அதே இரைகிற மைக், முன்வரிசையில் அதே பட்டுப்புடவைகள். டில்லி கரோல் பாக் மூன்றாம் மாடி வீட்டில் நாம் பார்த்தபோது எப்படி இருந்ததோ அப்படியேதான்.

இடுப்பெலும்பு முறிந்து நீ படுத்த பிறகு, நற்கருணை அப்பத்தை வீட்டுக்கு எடுத்துவந்து உன் நாக்கில் வைத்து நன்மை கொடுக்கும்படி பங்குச் சாமியாரிடம் எத்தனை முறை கெஞ்சியிருப்பேன்! "அதான் டிவில பூசை வருதேம்மா, மனசால வாங்கிக்கிட்டாப் போதும்" என்றார். லிஃப்ட் இல்லாத வீடு என்று வேறு அலுத்துக்கொண்டார். பிறந்தநாள் விருந்து என்றால் நாலாம் மாடிக்கும் மூச்சு வாங்காமல் ஏறுகிறவர்தான்.

நீயோ அதை அப்படியே நம்பினாய். நன்மைக்கு முந்திய நோன்பென்று பூசைக்கு ஒரு மணி நேரம் முன்பிருந்தே காப்பியைத் தொடமாட்டாய். நன்மை நேரம் வந்ததும் கண்ணை மூடி, டிவியை நோக்கி வாயைத் திறந்து நாக்கை நீட்டுவாய். கேமரா அப்போது பீடத்துப் பூச்சட்டியைக் காட்டிக்கொண்டிருக்கும். கதவோரம் நிற்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். உன்னிடம் அதை எப்படிச் சொல்வது?

இப்போது சங்கதி கேள். அந்த நிகழ்ச்சிக்கு ஆண்டு விழாவாம், நம் கோவிலுக்கே வந்து படம் பிடித்தார்கள். நடக்கமுடியாதவர்களை வீடு வீடாகப் போய்த் தூக்கிவந்து முன்வரிசையில் உட்கார்த்தினார்கள். கேமரா என்றதும் தோள்கொடுக்க இத்தனை பேரா! வெளிச்சம் சரியில்லை என்று சாமியார் ஒரு பெரியவரை இரண்டாம் முறை ஆசீர்வதித்தார்.

பூசை முடிந்ததும் என்னைக் கூப்பிட்டார். "உங்க அம்மா வருஷக்கணக்கா பாத்தாங்களே, எவ்வளவு ஆறுதலா இருந்துச்சுன்னு ரெண்டு வார்த்தை சொல்லும்மா. ஜல்தி, லைட்டைக் கழட்டப் போறாங்க."

சொன்னேன். "எங்க அம்மா கடைசி வரைக்கும் டிவி முன்னால வாயத் திறந்துக்கிட்டு காத்திருந்தாங்க. யாரும் வரல. சாகப்போற நேரத்துல எண்ணெய் பூசி ஜெபிக்கக்கூட வரல." சொல்லும்போதே அழுதுவிட்டேன். "அச்சா மேடம், போதும்" என்று மைக்கைக் கழற்றிக்கொண்டார்கள். சாமியாருக்கு அப்போதுதான் வெளியே யாரோ கூப்பிட்ட ஞாபகம் வந்தது; நழுவிவிட்டார்.

போன ஞாயிறு ஒளிபரப்பினார்கள். நான் டிவியில் வந்தேன் அம்மா! வாய் அசைகிறது, குரலுக்குப் பதில் புல்லாங்குழல். கண்ணீரை மட்டும் கிட்டத்தில் காட்டினார்கள். கீழே எழுத்து: "என் தாய்க்கு ஆறுதல் தந்த திருப்பலி." தூ! வெட்கம் என்று ஒன்று இவர்களுக்குக் கிடையாதா?

நம் தெருக்கோடி ஸ்டெல்லா அக்கா பக்கவாதத்தில் கிடக்கிறாள். படப்பிடிப்பு அன்று தூக்கிவந்ததோடு சரி, பிறகு ஒருவரும் எட்டிப்பார்க்கவில்லை. அவளையும் டிவி பார்க்கச் சொல்லிவிட்டாராம் சாமியார். வருகிற ஞாயிறு கடைசிப் பாட்டு முடியுமுன் அவர் கார்க் கதவருகே நிற்பேன். ஸ்டெல்லா அக்காவுக்கு நன்மை கொடுத்த பிறகுதான் அவருக்கு மத்தியானச் சோறு. இது உன்மேல் சத்தியம்.

நீ பெற்ற வாயாடி மகள்,
செல்வி