வயர்லெஸ் அறைச் சுவரில் பச்சை வளையல்

இரண்டு தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவியும் கையில் சிமெந்து வாசம் போகவில்லை. நகக்கண்ணில் சாம்பல் நிறம் ஒட்டிக் கிடக்கிறது. நாளை பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கேட்பார்கள். இன்று நமுனுகுல மலைக்கு ஏறினேன், உங்கள் பழைய வயர்லெஸ் அறைக்கு. போனது எலிக்காகத்தான். சிரிக்காதீர்கள்.

கலியாணமாகி நான்கு வருடம் நீங்கள் ஓர் ஊரிலும் நான் ஓர் ஊரிலும் இருந்தோம். ஒருவழியாக இருவருக்கும் பதுளையில் வேலை கிடைத்தபோது எலிகள் அதைக் கெடுக்கப் பார்த்தன. மழையில் தொலைபேசிக் கம்பி அறுந்தால் தேயிலைத் தோட்டங்களுக்கு அந்த மலையிலிருந்த வயர்லெஸ் பெட்டி ஒன்றுதான் துணை. அதற்குள் எரியும் கண்ணாடி வால்வுகளின் கதகதப்புக்கு எலிகள் குடிவந்தன. வயர்களைக் கடித்து இரண்டு முறை பெட்டியை நிறுத்தின. மூன்றாம் முறை நின்றால் உங்களுக்கு மன்னாருக்கு மாற்றல் என்று மேலதிகாரி சொல்லிவிட்டார்.

வெளிச்சுவரில் வயர் நுழையும் ஓட்டையை நீங்கள் சாக்கால் அடைத்தீர்கள். எலிகள் அந்தச் சாக்கை உரித்துப் பெட்டிக்குள் மெத்தை போட்டுக்கொண்டன. வெறும் சிமெந்து பூசினீர்கள். காய்வதற்குள் தோண்டிவிட்டன. கூடையில் ஒரு பூனையைச் சுமந்து போனீர்கள். அதுவும் பெட்டியின் மேல் சூட்டுக்குச் சுருண்டு படுத்து உறங்கியது.

பள்ளி விடுமுறையில் ஒரு நாள் நானும் கூட வந்தேன். தோட்டத் திருவிழாவில் வாங்கிய ஒரு டசின் பச்சைக் கண்ணாடி வளையல்கள் கையில். நீங்கள் பெட்டியின் மூடியைக் கழற்றியதும் ஓர் எலி என் தோளுக்குப் பாய்ந்தது. நான் வீசிய கை இரும்பில் மோதி, வளையல்கள் அத்தனையும் நொறுங்கின.

"எலி பிழைச்சிட்டுது, காப்புத்தான் போச்சு," என்றீர்கள். "நீர் எலிக்குப் பயந்தீரோ, எலி உமக்குப் பயந்ததோ?"

வாசலில் மாரியாயி நின்றாள். கீழே தோட்டத் தொழிலாளர் குடியிருப்பில், கடைசி லயத்தில் இருந்தவள். கொழுந்து பறித்த நேரம் போக, அறையைச் சுற்றிப் புல் வெட்டுவதும் அவள்தான்.

"படிச்சவங்க சாக்க வக்கிறீங்க, பூனைய வக்கிறீங்க!" என்று உங்களைப் பார்த்துச் சிரித்தாள். "எங்க லயத்துல எலி ஓட்டைக்குக் கண்ணாடிச் சில்லப் போட்டுல்ல அடைப்போம். தோண்டுனா மூஞ்சி கிழிஞ்சிருமுங்க." பிறகு என்னிடம், "அழுவாதீங்க டீச்சரம்மா. அந்த வளவிய இங்கிட்டு அள்ளிக் குடுங்க," என்றாள்.

சில்லுகளைச் சிமெந்தில் குழைத்து மூவருமாகத் திணித்தோம். எலி வரவில்லை; மாற்றலும் வரவில்லை. அதன்பின் ஒவ்வொரு திருவிழாவிலும் எனக்கு ஒரு டசின் பச்சை வளையல் வாங்கினீர்கள். ஒவ்வொரு முறையும் என் கைக்கு ஓர் அளவு சிறியதாக. என் கையைப் பிடித்துச் சவர்க்காரம் பூசி ஏற்றிவிடுவீர்கள். அளவு தெரிந்துதான் அப்படி வாங்கினீர்களோ என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

நீங்கள் போன அன்று என் வளையல்களை உடைக்கப் பெண்கள் வந்தார்கள். நான் கிணற்றடிக்குப் போய், சவர்க்காரம் போட்டு, பன்னிரண்டையும் உடையாமல் கழற்றினேன். வால்வு வந்த அட்டைப் பெட்டியொன்றில் பஞ்சுக்குள் வைத்தேன். உங்கள் பெரியக்காவுக்கு அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை.

போன வாரம் மாரியாயி பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டாள். "புது வயரு போட்டவங்க ஓட்டைய இடிச்சு, திரும்பச் சாக்க வச்சு அடைச்சிட்டுப் போயிட்டாங்க டீச்சரம்மா. எலிக்குத் தீவாளிதான்!"

இன்று அந்த வளையல்களை மலைக்குக் கொண்டுபோய், ஒவ்வொன்றாகக் கல்லில் வைத்து நானே இடித்தேன். மாரியாயி சில்லுகளை அள்ளிச் சிமெந்தில் குழைத்தாள். பிறகு, "ஐயாவுக்கு இன்னமும் வளவி கேக்குது பாருங்க," என்றாள். இருவரும் சிமெந்துக் கையோடு சிரித்தோம்.

பதினொன்றிலேயே ஓட்டை நிறைந்துவிட்டது. மிஞ்சிய ஒன்றைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பாத்துக்கிட்டே இருந்தா எப்புடி? போடுங்க!"

சிமெந்து ஈரத்தில் வழுக்கிக்கொண்டு ஏறிவிட்டது. சவர்க்காரமே வேண்டியிருக்கவில்லை.

பெரியக்காவுக்கு என்ன சொல்வதென்று இன்னும் யோசிக்கவில்லை. வெளியே மழை பிடித்துவிட்டது. மேலே உங்கள் அறை எலியில்லாமல் இருக்கிறது. இங்கே உங்களுக்கு எழுதும் ஒவ்வொரு வரி முடியும்போதும் அந்த வளையல் மேசையில் தட்டுப்படுகிறது.