ரயிலடியில் செல்லாத தோட்டத்துக் காசு

போன மாதம் என் மகள் ஜொகூர் பாருவிலிருந்து ஒரு சாவிக்கொத்து வாங்கி வந்தாள். பித்தளை நிறம், நடுவில் ஓட்டை, ஓட்டையைச் சுற்றி உங்கள் குடும்பம் இருந்த தோட்டத்தின் பெயரெழுத்துகள். புது வார்னிஷ் வாடை இன்னும் போகவில்லை. "பண அருங்காட்சியகத்துல விக்கிறாங்கம்மா. பழைய காசு மாதிரியே செஞ்சிருக்காங்கல்ல?" என்றாள். உன் அம்மா வைத்திருந்த காசின் நகல் அது. நீ கண்ணை மூடி ஒரு வருடம்கூட ஆகவில்லை, அதற்குள் அதில் விலைச்சீட்டு ஒட்டிவிட்டார்கள்.

செனாய் தொழிற்சாலையில் நாம் சேர்ந்து வேலை செய்த காலத்தில், பஸ்ஸில் நம் இருவருக்கும் எப்போதும் ஒரே இருக்கைதான். அந்தக் காசைப் பற்றி நீ சொன்னதும் அங்கேதான். லாயாங் லாயாங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் உன் அம்மா பால்மரம் வெட்டிய காலம். கூலியில் பாதியைத் தோட்டத்துக் காசாகத்தான் தருவார்களாம். தோட்டத்துக் கடையைத் தவிர வேறெங்கும் அது செல்லாது. அரிசிக்கும் கருவாட்டுக்கும் கடைக்காரர் வைத்ததுதான் விலை. உன் அண்ணன் அப்போது கைக்குழந்தை. காய்ச்சலில் உடம்பு கொதித்தது. தோட்டத்து மருந்தகத்தில் உடனே குளுவாங் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். வீட்டில் வேறு காசு இல்லை. அம்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ரயிலடிக்கு ஓடினார். டிக்கெட் கொடுப்பவர் அந்தப் பித்தளையைத் திருப்பித் தள்ளினார். ரயில் அவர் கண்ணெதிரே வந்தது, போனது.

தண்டவாள ஓரமாகவே நடந்திருக்கிறார். பாதி வழியில் ரோடு குறுக்கிட்ட இடத்தில் ஓர் அன்னாசி லாரிக்காரர் ஏற்றிக்கொண்டாராம். அண்ணன் பிழைத்தார், காது மட்டும் போய்விட்டது. அந்த ஒரு காசை அம்மா அதற்குப் பிறகு கடையில் கொடுக்கவே இல்லை.

"அது காசே இல்லடி," என்றாய். "காசுன்னா எடுத்துக்கிட்டு நெனச்ச எடத்துக்குப் போகணும். இது ஆளப் போக விடாம பிடிச்சு வைக்கச் செஞ்சது."

அருங்காட்சியகத்தார் மக்களிடம் பழைய காசுகள் கேட்டபோது நீ அதைத் தூக்கிக் கொடுத்தாய். வேண்டாம் என்றேன். நாலு பேருக்குத் தெரியட்டும் என்றாய். அங்கே இருந்த அதிகாரி நம் தமிழ்ப் பிள்ளைதான், முழுக் கதையையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். திறப்பு நாளில் அண்ணனையும் அழைத்துக்கொண்டு போனோம். ஈயக் காசுக்கு ஒரு பெரிய பலகை, ஜப்பான்காரன் ஆட்சியில் அடித்த வாழைமரப் பட நோட்டுக்கு ஒரு சுவரே. உன் அம்மாவின் காசுக்கு ஒரே வரி: 'தொழிலாளர்களின் வசதிக்காகத் தோட்ட நிர்வாகம் வெளியிட்டது.'

"யாரோட வசதி, தம்பி?" என்று அந்த அதிகாரியைக் கேட்டாய்.

எழுத்தெல்லாம் மேலிடத்தில் முடிவானது, சோகக் கதை வைத்தால் வருகிறவர்கள் முகம் சுளிப்பார்கள் என்றார் அவர். கொடுத்ததைத் திருப்பிக் கேட்டாய், அதுவும் முடியாது என்றார். அடுத்த ஞாயிறே நீ அந்தக் கண்ணாடிப் பெட்டியின் அருகில் போய் நின்றாய். வருகிறவர்களிடமெல்லாம் மெதுவான குரலில் கதையைச் சொன்னாய். காவலாளி வந்து கேட்டதற்கு, "கண்ணாடியத் தொடலயே, பேசத்தானே செய்றேன்," என்றாய். மழையோ வெயிலோ, ஞாயிறு தவறாமல் போனாய். சிறுநீரகம் கெட்டு நீ படுத்த பிறகுதான் அவர்களுக்கு நிம்மதி. நீ போன பிறகும் அந்த வரி அப்படியே இருந்தது.

சாவிக்கொத்தைப் பார்த்த மறு ஞாயிறு நான் அண்ணனை அழைத்துக்கொண்டு போனேன். அதே அதிகாரி. "நல்லா ஓடுது ஆன்ட்டி, ஸ்டாக்கே தீந்துபோச்சு லா," என்றார் சந்தோஷமாக. அண்ணனை அவர் முன்னால் நிறுத்தினேன்.

"அன்னைக்கி ரயில் ஏற முடியாத பிள்ளை இவருதான். வசதியா இருந்துச்சான்னு இவர்கிட்டயே கேளுங்க."

அண்ணனுக்கு எதுவும் கேட்கவில்லை. தனக்கு வணக்கம் சொல்கிறார்கள் என்று நினைத்து அந்த அதிகாரியைப் பார்த்துச் சிரித்தார், கையையும் நீட்டினார். அதிகாரி அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். சாவிக்கொத்து இனி வராது என்று வாக்குக் கொடுத்தார், அதன்படி செய்தும் விட்டார். அந்த ஒரு வரியை மாற்ற மட்டும் மேலிடத்துக்கு எழுத வேண்டுமாம். ஒரு சொல்லைத் திருத்த இத்தனை படிக்கட்டு. அன்றைக்குக் கூலியைப் பித்தளையாக்க யாரைக் கேட்டார்கள்?

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அங்கே நிற்கிறேன். அண்ணன் பக்கத்தில் நிற்கிறார். நீ வைத்துவிட்டுப் போன கோபம் எனக்குள் ஆறவே இல்லை. உன்னைப் போல் மெதுவாகப் பேசத்தான் வரவில்லை. நேற்று என் குரல் கூடத்தின் கடைசிவரை கேட்டிருக்க வேண்டும், ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். காவலாளி வந்து எதிரில் நின்றார். நான் நிறுத்தவில்லை.