ரயீசா தலை தூக்கிய செய்தி

அன்புள்ள எட்வால்டோ,

நான் நலம். உன் முதுகுவலி குறைந்ததா? ரயீசாவுக்கு இந்த வாரம் வலிப்பு வந்ததா? மறைக்காமல் எழுது.

இங்கே சாவோ பாலோவில் மஞ்சள் காய்ச்சல் பயம். நேற்று எஜமானி என்னையும் தடுப்பூசி வரிசைக்கு அனுப்பினாள். முன்னால் நின்றவளின் மகனுக்கு நம் ரயீசா வயதுதான். "டேய், ஓடாதடா, விழுந்து தொலைப்ப!" என்று கத்திக்கொண்டே இருந்தாள். எனக்கு வயிறு எரிந்தது. ஓடாதே என்று நம் மகளிடம் நான் ஒரு நாளும் சொன்னதில்லையே!

"இனி கொசு கடிச்சாலும் இந்தக் காய்ச்சல் வராது" என்றாள் நர்ஸ்.

"ஸீகாவுக்கு எப்போக்கா ஊசி வரும்?" என்று சிரித்தபடிதான் கேட்டேன்.

"இன்னும் வரலம்மா" என்றவள், என் கையைச் சற்று நேரம் விடவில்லை. நான் கர்ப்பமாக இருந்தபோது கடித்து, ஸீகா காய்ச்சலைக் கொடுத்து, வயிற்றிலிருந்த ரயீசாவின் மூளையைக் கெடுத்த கொசுவைப் பற்றி அவளிடம் சொல்லவில்லை.

அந்தப் பையனின் அம்மா மீதிருந்த பொறாமை வீடு வருவதற்குள் போய்விட்டது. உன் அக்கா மரினேஸ் மீதுள்ளது போகவில்லை. அவள் குரல் கேட்டு ரயீசா முதல்முறையாகத் தலை தூக்கும் வீடியோவை எத்தனை முறை பார்த்தேனோ! இரண்டு பஸ் மாறிப் பிள்ளையைச் சிகிச்சைக்குத் தூக்கிப்போவது மரினேஸ்தான், தெரியும். ஆனாலும் எரிகிறது.

ரயீசாவின் சட்டை அளவு எழுது. மரினேஸ் இல்லாத போட்டோ ஒன்று அனுப்பு. வியாழக்கிழமை சிகிச்சைக்குப் பிள்ளையை நீயே தூக்கிப்போ. எஜமானி கூப்பிடுகிறாள். ரயீசா மறுபடி தலை தூக்கினால், "அம்மா வருவா" என்று சொல். அதை மட்டும் மரினேஸைச் சொல்ல விடாதே.

உன்
ஜூசிலெய்டி