ஓட்டோ நிறுத்த ஒரு இடம்

சசி அப்பாவுக்கு,

ராத்திரி முழுக்க ஓட்டோவில் ஹயர் ஓடிவிட்டுத் தூங்குகிறீர்கள், அதனால் எழுப்பவில்லை. சோறு சட்டியில் இருக்கிறது. பருப்பைச் சூடாக்கிக்கொள்ளுங்கள். என் மேல் உள்ள கோபத்தைச் சோற்றில் காட்ட வேண்டாம்.

நேற்று பலாங்கொடை டவுனில் அந்த வாடகை வீட்டைப் பார்க்கப் போனேன் அல்லவா. நீங்கள் போனில் பேசிய சிங்களத்தைக் கேட்டு, வீட்டுக்கார மாத்தயா நம்மையும் சிங்கள ஆட்கள் என்றே நினைத்திருக்கிறார். "பொட்டு வைக்காமப் போ" என்றீர்கள். வைத்துக்கொண்டுதான் போனேன். அவர் என் நெற்றியைப் பார்த்தார். ஓட்டோ நிறுத்தத் தருவதாகச் சொன்ன ஷெட்டுக்கு அவர் மகனின் கார் வரப்போகிறது என்று அந்த நிமிஷமே சொல்லிவிட்டார். உள்ளே கோழிகளைத் தவிர ஒன்றும் இல்லை.

வந்து சொன்னால், "ஒன் வீம்பாலதான் வீடு போச்சு" என்று என்னையே ஏசுகிறீர்கள். வெட்கப்பட வேண்டியது நானா, அந்த மனுஷனா?

நமக்கு அண்ணன் மாதிரி இருக்கும் கடைக்கார காமில் நானா இன்னொரு வீடு சொல்லியிருக்கிறார். சசியைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு நேரே அங்கே போகிறேன், பொட்டோடுதான். சாப்பிட்டுவிட்டு அவர் கடைக்கு வாருங்கள், வழி காட்டுவார். அந்த வீட்டுக்காரருக்கு முன்கண்ணாடி நன்றாகத் தெரிகிற மாதிரி ஓட்டோவை நிறுத்துங்கள்.

ஓட்டோ சாவி ஜன்னலில்.

மறந்துவிட்டேன். ஓட்டோவின் முன்கண்ணாடியில் இருந்த முருகன் படத்தை நீங்கள் உரித்து அலுமாரியில் ஒளித்து வைத்ததைக் காலையில் பார்த்தேன். திரும்ப ஒட்டிவிட்டேன். பசை இன்னும் காயவில்லை. கை வைக்காதீர்கள்.