‘குறைவு’ என்று சொன்ன புரதம்

மார்ச் 4

இன்றைய பத்திரிகையில் அவன் படம். கோட்டெல்லாம் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு. சிறுநீரகப் புற்றுநோய் திரும்ப வருமா, வராதா என்று கட்டியில் இருக்கும் ஒரே ஒரு புரதத்தை அளந்து சொல்லிவிடலாமாம். அளவு அதிகம் என்றால் ஆபத்து, குறைவு என்றால் நிம்மதி. “என் கண்டுபிடிப்பு” என்கிறான்.

உன் கண்டுபிடிப்பா?

அந்தப் புரதத்தைக் கட்டிகளில் முதலில் பார்த்தவள் நான். அதற்கு நிறமேற்றும் முறையைச் சரிசெய்ய மைக்ராஸ்கோப்பே கதி என்று கிடந்தவள் நான். கட்டுரை வந்தபோது என் பெயர் எங்கே இருந்தது? கடைசியில், நன்றி சொல்லும் பத்தியில், கண்ணாடி கழுவியவருக்கு அடுத்ததாக. “என் பேர்ல வந்தா என்ன, உன் பேர்ல வந்தா என்ன? ஒரே வீடுதானே” என்றான். அந்த வீடும் போயிற்று, கல்யாணமும் போயிற்று. அவன் மட்டும் வளர்ந்துகொண்டே இருக்கிறான்.

ஒரு நாள் நாலு பேர் முன்னால் அவன் வாயடைத்து நிற்க வேண்டும். அதை நான் முன் வரிசையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

மார்ச் 10

எங்கள் ஆஸ்பத்திரியும் அவன் சோதனையை வாங்கப்போகிறதாம். அதற்கு முன் சரிபார்த்துச் சொல்லும் வேலை என் தலையில். “உங்களுக்குத் தெரிஞ்ச விஷயம்தானே” என்றார் தலைமை மருத்துவர். தெரிந்தேதான் சொன்னாரா, தெரியாமலா? சிரித்துவிட்டு வாங்கிக்கொண்டேன்.

மார்ச் 21

உட்கார முடியவில்லை. சந்தோஷத்தில்.

கட்டியை மெழுகில் பதித்து வைத்தால் வருஷக்கணக்கில் கெடாது. சில்லாக வெட்டிக் கண்ணாடியில் ஒட்டி, நிறமேற்றாமல் போட்டுவைத்தால் புரதம் மெல்ல மெல்ல மங்கிவிடும். அன்றைய ஆய்வுக்குச் சில்லுகளைப் பொறுக்கிக் கொடுத்தவன் அவன்தான். பழைய பதிவேட்டில் வெட்டிய தேதிகளைப் பார்த்தேன்: பிழைத்தவர்களின் சில்லுகளை எல்லாம் என்றைக்கோ வெட்டிவைத்த ஒரு பெட்டியிலிருந்து எடுத்திருக்கிறான். இறந்தவர்களுடையது அப்போதுதான் வெட்டியது. அவசரம், கட்டுரை வர வேண்டும்!

சேமிப்பில் இன்னும் இருக்கும் அதே மெழுகுக் கட்டிகளிலிருந்து எல்லாவற்றையும் புதிதாக வெட்டிப் பார்த்தேன். பிழைத்தவர், போனவர், எல்லோருக்கும் புரதம் ஒரே மாதிரி. அது யாருடைய ஆயுளையும் சொல்லவில்லை. பெட்டியின் வயதைச் சொல்லியிருக்கிறது, அவ்வளவுதான்.

என்னிடமிருந்து திருடியது சொத்தைப் பல். வைத்துக்கொள்ளட்டும்.

மார்ச் 22

மே மாதம் பெரிய மாநாடு. மேடையில் அவன். அதுவரை வாயைத் திறக்க மாட்டேன். அவன் பேசி முடித்துக் கைத்தட்டல் அடங்கும் நேரம் எழுந்து நிற்பேன்.

ஏப்ரல் 2

அத்தை போன் பண்ணினார். அவன் அம்மா. விவாகரத்துக்குப் பிறகும் என்னை விடாத ஒரே ஆள் அந்த வீட்டில். போன வருஷம் அவருக்கும் ஒரு சிறுநீரகத்தைக் கட்டியோடு எடுத்தார்கள்.

“ஸ்கேன் எடுத்தீங்களா அத்தை?”

“அந்தக் குழாய்க்குள்ள என்னைத் தள்றதெல்லாம் இனிமே வேணாம்மா. ஆபரேஷன் அப்பவே வெட்டி வெச்சிருந்த சில்லை என் புள்ள இப்ப டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டான். குறைவுன்னு வந்துடுச்சு. திரும்ப வராதாம்.”

“சரி அத்தை” என்று போனை வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 3

மே வரைதானே.

ஏப்ரல் 5

இன்று போன் பண்ணி, “சும்மா ஒரு ஸ்கேன் எடுத்துடுங்களேன்” என்றேன். அத்தை சிரித்தார். “உனக்கு அவன் மேல கோவம் இருக்கு, தெரியும். அதுக்கு என்னை எதுக்கு ஊசி குத்த விடுறே?”

காரணம் சொல்லாமல் அவர் அசைய மாட்டார். சொன்னால் அது அவன் காதுக்குப் போகும். உஷாராகிவிடுவான். என் மே மாதம் போச்சு.

ஏன்டா, எத்தனை தடவைடா என்கிட்டயிருந்து பிடுங்குவே? அம்மாவுக்கே இதைச் சொல்லி உக்கார வெச்சிருக்கியே — இன்னும் எத்தனை பேர்கிட்ட ‘குறைவு’ன்னு சொல்லி அனுப்பினே? அவங்க எல்லாம் ஸ்கேனை விட்டுட்டு நிம்மதியா இருக்காங்களா?

ஏப்ரல் 6

போனேன். எல்லாவற்றையும் சொன்னேன், பெட்டி வரைக்கும். அத்தை மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கடைசியில், “அப்ப அந்தக் குறைவுக்கு அர்த்தமே இல்லையா?” என்றார்.

“இல்ல அத்தை.”

“நாளைக்கே கூட்டிட்டுப் போ.”

வெளியே வந்ததும் முடிவுகளை எல்லாம் அவன் ஆஸ்பத்திரிக்கும் எங்கள் தலைமை மருத்துவருக்கும் அனுப்பிவிட்டேன். அனுப்பிவிட்டு பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து அழுதேன். நல்லது செய்த அழுகை இல்லை. கைக்கு எட்டியது போன அழுகை.

ஏப்ரல் 12

அத்தையின் நுரையீரலில் ஒரு புள்ளி. சின்னது. இப்போதே பிடித்ததால் மருந்துக்கு அடங்க வாய்ப்பு இருக்கிறது என்கிறார் டாக்டர். வாய்ப்புதான். உறுதி இல்லை.

மே 14

மாநாடு. அவனே மேடையேறி, “என் ஆய்வில் பிழை இருந்ததைக் கண்டறிந்தேன், சோதனையைத் திரும்பப் பெறுகிறேன்” என்றான். குரல் தழுதழுத்தது. மண்டபமே எழுந்து கைதட்டியது. நேர்மையாம்!

கைத்தட்டல் அடங்கட்டும் என்று காத்திருந்தேன். மைக்கை வாங்கினேன். ஒரே கேள்வி: “பிழையைக் கண்டறிந்தது யார்?”

என்னைப் பார்த்தான். தண்ணீர் குடித்தான். “நீங்கள்” என்றான்.

“முதலில் அந்தப் புரதத்தைக் கண்டறிந்தது?”

டம்ளரைக் கீழே வைத்தான். வந்தது அதே சொல்தான்.

இனித்தது. பொய் எழுத மாட்டேன், ரொம்ப இனித்தது.

மே 23

அத்தைக்கு இரண்டாம் முறை மருந்து ஏற்றும் நாள். காத்திருக்கும் அறையில் நான் ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம், நடுவில் அத்தை.

“மேடையில வெச்சு அவனை ரெண்டு கேள்வி கேட்டியாமே?” என்றார் என்னிடம், அவன் காதுபடவே.

“ஆமா அத்தை.”

“இன்னும் ரெண்டு கேட்டிருக்கலாம்.”

அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நர்ஸ் வந்து, “கூட ஒருத்தர் மட்டும் வாங்க” என்றார். அவன் எழுந்தான். அத்தை என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனேன் என்று எழுதத்தான் ஆசை. பார்த்தேன். அம்மாவின் மூக்குக்கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றிருந்தான்.