கட்சாலில் அப்போது விடிந்திருந்தது

புரோத்ராபூர்
21.12.2025, மார்கழி 6, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் சுகிர்தாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே எனக்கும் உன் தம்பி ஸ்ரீதருக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, முழங்கால் வலி மட்டும் படியைக் கண்டால் ஞாபகத்துக்கு வருகிறது. அங்கே நீயும் மருமகன் பிரேமும் வயிற்றுப் பிள்ளையும் சுகம் என்ற சேதிதான் தினமும் எனக்குக் காலைக் காப்பி. போன் இருக்கும்போது எதற்குக் காகிதம் என்று கேட்பாய். போனில் சொன்னால் பாதியிலேயே அழுதுவிடுவேன், நீ பயந்துபோவாய், பிள்ளைத்தாய்ச்சியைக் கலங்கவைத்த பாவம் எனக்கு வேண்டாம். எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி ஸ்ரீதரிடம் கொடுப்பேன். தபாலில் போட்டால் நார்வேக்கு வந்து சேர்வதற்குள் என் பேரப்பிள்ளை குப்புற விழுந்துவிடும்.

ஸ்ரீதருக்கு இந்த மாதம் முழுக்கத் துறைமுக ஜெட்டியில் காலை டியூட்டி, நாலரைக்கே எழுந்து போகிறான், கல்யாணப் பேச்சை எடுத்தால் கப்பல் வந்துவிட்டது என்கிறான். மழை இன்னும் முழுசாக விடவில்லை. முருங்கை ஒடிந்து மறுபடி துளிர்த்திருக்கிறது. போன மாதம் நீ அனுப்பிய குரல் செய்தியை எத்தனை தடவை கேட்டேன் என்று எனக்கே தெரியாது. உன்னைப் பார்த்துக்கொள்ளும் மருத்துவச்சி சாமி இனம் என்றாயே, முதலில் ஏதோ கோயில் விஷயம் என்றுதான் நினைத்தேன், அப்புறம்தான் அந்தப் பனிநாட்டுப் பூர்வகுடிகளுக்கே அதுதான் பேர் என்று புரிந்தது. அவர்களுக்குச் சூரியன் ஆம்பளை இல்லையாம், பெண்ணாம், அவளுக்கு ஒரு மகளும் உண்டாம், தாயும் மகளும் மான்கொம்பு வளையத்துக்குள் உட்கார்ந்து வானத்தில் சுற்றி வருகிறார்களாம். குளிர்காலம் முழுக்கக் காணாமல் போய்த் திரும்பி வரும்போது அவள் மெலிந்து வருவாளாம், தெம்பு வரட்டும் என்று அந்தக் காலத்தில் வாசல் நிலையில் வெண்ணெய் தடவி வைப்பார்களாம். எனக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. நாம் நிலைக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைக்கிறோம், ஆனால் சூரியன் பசித்து வரும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. பிள்ளை பெற்று எழுந்தவளுக்கு நெய் ஊற்றிப் போடுவதைப் போலல்லவா இருக்கிறது.

அந்தச் செய்தியின் கடைசியில் சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னாய். ஜனவரி நடு வரைக்கும் இங்கே சூரியனே எட்டிப் பார்க்காதும்மா, அதுவும் நல்லதுக்குத்தான், என் ஜாதகத்துச் சூரியன் என் பிள்ளையைத் தொடாது என்றாய். கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டேன். சுனாமி கேம்ப்பில் உன் பொன்னம்மா அத்தை சொன்னதை நீ கேட்டிருக்கிறாய், இருபத்தோரு வருஷமாக உள்ளேயே வைத்திருக்கிறாய். நீ தூங்கிக்கொண்டிருந்தாய் என்றுதான் நான் நினைத்திருந்தேன். சுனாமி வந்து உன் அப்பாவைக் கொண்டுபோன நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, ஒரு பகல் நேரம், சூரியன் அப்பனுக்கு உண்டான கிரகம், இந்தப் பிள்ளை கட்டத்துல அது குடும்ப வீட்டுல உக்காந்து எரிக்குது, எழுதுனவரே அப்பனுக்கு ஆகாதுன்னாரு, தின்னுடுச்சே என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு சொன்னாள். நான் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. அதைவிடப் பெரிய தப்பு ஒன்று இருக்கிறது, அதை எழுதத்தான் இந்தக் காகிதம். அன்று சாயங்காலம் நீ என் மடியில் படுக்க வந்தாய், நான் உன் கையைத் தட்டிவிட்டேன். பத்து வயசுப் பிள்ளை. நீ ஒன்றும் கேட்காமல் ஸ்ரீதர் பக்கத்தில் போய்ச் சுருண்டு படுத்தாய். ஒரே ஒருநாள்தான் அப்படிச் செய்தேன், மறுநாள் உன்னைக் கட்டிக்கொண்டேன், ஆனாலும் அந்த ஒருநாள் நானும் அந்த ஜாதகத் தாளை நம்பினேன். என்னை மன்னிக்கச் சொல்லி அவசரப்படுத்த மாட்டேன். நீ தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

அந்தத் தாளைப் பெட்டியிலிருந்து எடுத்தேன். உன் கல்யாணத்தின்போது மருமகன் ஜாதகமே வேண்டாம் என்றுவிட்டதால் பிரிக்காமலே கிடந்தது. நம் தெருக் கோடியில் உமா மகேஸ்வரி டீச்சர் என்று ஒருத்தர் குடிவந்திருக்கிறார், கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், நாலு தலைமுறையாகத் தீவிலேயே இருக்கும் குடும்பம், தமிழ் பேசினால் பாதி இந்திதான் வரும். ஜாதகம் கணிப்பார், பெண்களுக்கு மட்டும். ஏன் அப்படி என்று கேட்டதற்கு, ஆம்பளைங்க பலன் கேக்க வர்றாங்க, பொம்பளைங்க மேல பழி போடத்தான் அவங்க ஜாதகத்தைக் கொண்டு வர்றாங்க, அதனால பொம்பளையே வந்தா மட்டும் பாப்பேன் என்றார். முதலில் உன் மருத்துவச்சி கதையைச் சொல்லி, சூரியன் ஆணா பெண்ணா என்று கேட்டேன். ஜோசியத்தில் சூரியன் ஆண் கிரகம், தகப்பன், சந்திரன்தான் தாய், ஆனா நம்ம பாஷையைப் பாரு தங்கம், சூரியன் வந்தான்னு சொல்லலாம், ஞாயிறு வந்தான்னு சொல்வோமா, ஞாயிறு வந்தது, பொழுது விடிஞ்சுது, அது ஆணும் இல்லை பெண்ணும் இல்லை என்றார். எனக்கு அறுபத்திரண்டு வயசாகிறது, தினம் பேசுகிற பேச்சுதான், ஒருநாளும் தோன்றவில்லையே. உத்தராயணம்கூட வானத்தில் இன்றைக்கு ராத்திரியே திரும்பிவிடுகிறதாம், நாம் மூன்று வாரம் கழித்துத் தை பிறந்த பிறகு பொங்கல் வைக்கிறோமாம். ஏன் என்று கேட்டேன், ஒரு ஆரஞ்சுப் பழத்தையும் டார்ச்சையும் வைத்து விளக்கினார், பாதி புரிந்தது.

பிறகு உன் தாளைக் கையில் வாங்கியவர் பலனைப் படிக்கவே இல்லை. பிள்ளை எங்கே பிறந்தது என்று கேட்டார். கட்சால் தீவில், ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரி என்றேன். எழுதினது யார் என்றார். பொன்னம்மா மதினி மெயின்லேண்டுக்குப் போனபோது ராஜபாளையத்தில் ஒருவரிடம் நாளும் நேரமும் சொல்லி எழுதி வாங்கி வந்தாள் என்றேன். நேரம் காலை ஐந்து ஐம்பது, அது சரிதான், நர்ஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்து உரக்கச் சொன்னது எனக்குக் காதிலேயே இருக்கிறது. டீச்சர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அப்போ வெளிச்சம் இருந்துச்சா என்று கேட்டார். சுகிர்தா, முப்பத்தொரு வருஷத்தில் என்னை யாரும் கேட்காத கேள்வி அது. இருந்தது. வெறும் வெளிச்சம் இல்லை, வெயில். ரப்பர் மரங்களுக்கு நடுவே புகுந்து ஜன்னல் வழியாக வந்து, உன்னைக் குளிப்பாட்டின பேசின் தண்ணீரில் ஆடி, எதிர்ச்சுவரில் தெரிந்தது. பால் வெட்டுக்குப் போயிருந்த உன் அப்பாவை ஆள் விட்டுக் கூப்பிட்டார்கள், கையில் ரப்பர் பால் வாடையோடு வந்து, வெயிலோட வந்திருக்கா என்றுதான் முதல் வார்த்தை சொன்னார்.

டீச்சர் நோட்டில் கணக்குப் போட்டார், செல்போனில் ஏதோ பார்த்தார், மறுபடி போட்டார். நேரம் தோ டீக்தான், சரிதான் தங்கம், ஊரைத்தான் கலத்தா போட்டிருக்காங்க, தப்பு என்றார். ராஜபாளையத்தில் மார்கழியில் சூரியன் உதிக்க ஆறரை மணி ஆகும், நம் கடிகாரமும் அவர்கள் கடிகாரமும் ஒன்று, ஆனால் நாம் அவ்வளவு கிழக்கே இருப்பதால் கட்சாலில் ஐந்தரைக்கு முன்பே உதித்துவிடும். அந்த ஆள் தன் ஊர் உதயத்தை வைத்து, நீ இருட்டில் பிறந்ததாக எழுதிவிட்டார். உதயத்துக்கு முன் என்றால் முந்தின நாள் கணக்கு, அதனால் வியாழக்கிழமைப் பிள்ளையைப் புதன்கிழமை ஆக்கி, தனுசு லக்னத்தை விருச்சிகம் ஆக்கி, லக்னத்திலேயே இருக்கிற சூரியனை இரண்டாம் வீட்டில், குடும்ப ஸ்தானத்தில், கொண்டுபோய் வைத்துவிட்டார். அப்படியானால் அப்பனுக்கு ஆகாது என்பது பொய்தானே டீச்சர் என்றேன். சந்தோஷப்படுவார் என்று பார்த்தால், முகம் இறுகிவிட்டது. சுனாமி அன்னைக்கு கட்சால்ல எத்தனை பேர் போனாங்க தங்கம், அத்தனை பேர் பிள்ளைங்களுக்கும் ரெண்டாம் வீட்டுலயா சூரியன் என்று கேட்டார். கணக்கு சரியாகவே இருந்து அதே பலன் வந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன், உன் கையை மறுபடி தட்டிவிட்டிருப்பேனா? வீடு வரைக்கும் இதை நினைத்துக்கொண்டேதான் நடந்தேன்.

போன புதன்கிழமை வண்டூர் பஸ் ஏறி உன் அத்தையைப் பார்க்கப் போனேன். முற்றத்தில் பாக்கு காயப்போட்டுக்கொண்டிருந்தாள், எழுபத்தைந்துக்கு மேல் ஆகிறது, கண் மங்கிவிட்டது, குரல் மட்டும் அப்படியே இருக்கிறது. நான் உட்காரக்கூட இல்லை. பழைய தாளையும் டீச்சர் கணக்குப் போட்டுக் கொடுத்த தாளையும் நீட்டி, மதினி, நீங்க எழுதி வாங்கினது தப்பு, என் பிள்ளை வெயில்ல பிறந்தவ, அவளை அன்னைக்கு என்ன சொன்னீங்கன்னு ஞாபகம் இருக்கா, அவ கேட்டிருக்கா, இன்னிக்கு வரைக்கும் சுமக்கிறா என்றேன். சண்டைக்கு வருவாள் என்றுதான் நினைத்துப் போனேன். அவள் தாளை வாங்கவே இல்லை. பாக்கைத் துழாவிக்கொண்டே இருந்தாள். அப்புறம், தாளு தப்புன்னு எனக்கு எப்பவோ தெரியும் தங்கம், வேற மாதிரி தெரியும் என்றாள். சுனாமி வந்த அன்னைக்குக் காலையில, மெயின்லேண்டுலேருந்து எனக்குத் துணிப் பொட்டலம் வந்து ஜெட்டியில கெடக்குது, போய் எடுத்துட்டு வாடா தம்பின்னு அவனை அனுப்பிச்சது நான்தான், யாருகிட்டயும் சொல்லல, சொன்னா நீங்க எல்லாம் என்னை என்ன பண்ணுவீங்களோன்னு பயம், அந்த நேரத்துல யாரையாவது திட்டணும் போல இருந்துச்சு, கடலைத் திட்டுனா திரும்ப வந்துருமோன்னு பயமா இருந்துச்சு, பிள்ளையைத் திட்டிட்டேன் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை என்று மீன் வாங்கத்தான் போனார் என இத்தனை வருஷமும் நான் நினைத்திருந்தேன். எனக்குக் கோபம் வரவில்லை என்று பொய் எழுத மாட்டேன். விலகிப்போய்க் குழாயடியில் நின்று முகத்தைக் கழுவினேன், மறுபடி கழுவினேன். பொட்டலம் எடுத்து வா என்று தம்பியை அனுப்புவது குற்றமா? அவளும் கடலைக் கூப்பிடவில்லை, நீயும் கூப்பிடவில்லை. ஆனால் அவள் தன் பயத்தைத் தூக்கிப் பத்து வயசுப் பிள்ளை தலையில் வைத்தாளே, அது குற்றம், பக்கத்தில் நின்ற நானும் ஒரு கை கொடுத்து ஏற்றிவிட்டேனே, அதுவும் குற்றம். திரும்பி வந்து, இதை என்னிடம் சொன்னது போதாது மதினி, அவளிடம் சொல்லுங்கள் என்றேன். பாக்கை ஒரு பக்கமாக ஒதுக்கிக் குவித்தாள். கடைசியில், அவ திட்டட்டும், நான் பேசுறேன் என்றாள்.

உன் பிள்ளைக்கு ஜாதகம் வேண்டுமா என்று பிரேம் ஒருமுறை என்னை விளையாட்டாகக் கேட்டார். சூரியனே உதிக்காத ஊரில் பிறந்தால் எந்தக் கிழமை என்று டீச்சரையும் கேட்டுப் பார்த்தேன், ரெண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டு, பஞ்சாங்கம் எழுதினவங்க யாரும் அவ்வளவு வடக்கே போனதில்லை தங்கம் என்று சிரித்துவிட்டார். நான் எழுதச் சொல்லமாட்டேன். பிள்ளை வளர்ந்து தானே கேட்டால் கணித்துக்கொள்ளட்டும். நீ பூண்டையும் மிளகையும் மறக்காதே, காதை மூடிக்கொள், பனியில் வழுக்குகிற செருப்பைத் தூக்கிப் போடு, வலி லேசாக இருக்கும்போதே ஆஸ்பத்திரிக்குப் போய்விடு. மருத்துவச்சிக்கு என் வணக்கம் சொல், தாய்ச் சூரியனைப் பற்றி இன்னும் கேட்டு எழுது, அவளுக்குப் புருஷன் உண்டா என்று எனக்குத் தெரிய வேண்டும். விசா வந்தால் மார்ச்சில் வருகிறேன்.

நாளை உனக்கு முப்பத்தொன்று முடிகிறது. நீண்ட ஆயுளோடு, நிறைந்த சுகத்தோடு, தாயும் சேயும் வேறுவேறாக நல்லபடி எழுந்திரிக்க எல்லாத் தெய்வமும் துணை நிற்கட்டும். ஒன்று மறந்துவிடாதே. நாளை நமக்குப் பகல் இரண்டு மணி, உனக்குக் காலை ஒன்பதரை, அந்த நேரத்துக்கு அத்தை உன்னைக் கூப்பிடுவாள். வண்டூருக்குப் போய் நம்பரைப் போட்டுக் கொடுக்க ஸ்ரீதர் லீவு சொல்லிவிட்டான். எடுப்பதும் எடுக்காததும் உன் இஷ்டம். எடுத்தால் நீ ஆறுதல் சொல்ல வேண்டியதில்லை, பரவாயில்லை அத்தை என்ற வார்த்தை வாயில் வராவிட்டால் சொல்லாதே. அவள் சொல்லி முடிக்கும்வரை கேட்டாலும் போதும், கேட்காமல் வைத்துவிட்டாலும் நான் ஏன் என்று கேட்கமாட்டேன்.

உன் நினைவாகவே இருக்கும் அம்மா,
க. தங்கம்