அடையில் இருக்கும் முட்டைகள்

இஞ்சாருங்கோ,

வவுனியாவில் ஸ்கான் எடுத்தாயிற்று. கருப்பை தெரிகிறது, உள்ளே கரு இருக்கிற பையும் தெரிகிறது, துடிப்பு மட்டும் தெரியவில்லையாம். நாள் கணக்குப் பிழைத்திருக்கலாம், முந்திய இரண்டு முறையும் போலக் கலைந்து போயும் இருக்கலாம் என்றா டொக்டர் அம்மா.

"இருக்கோ, இல்லையோ? ஒண்டைச் சொல்லுங்கோ" என்று கேட்டேன்.

"இப்ப சொல்லேலாது அக்கா. ரெண்டு கிழமை கழிச்சு வாங்கோ."

இங்கே தங்குவதற்கு ஆமி தந்த பாஸை நீட்டிக்க வேண்டும். நீங்கள் கடையைப் பூட்டிவிட்டு வர வேண்டாம். நான் தங்கியிருக்கிற வீட்டில் மச்சாள் இப்போதே பிள்ளைக்குப் பெயர் யோசிக்கிறா. கேட்க ஆசையாகவும் இருக்கிறது, எரிச்சலாகவும் இருக்கிறது.

முட்டை யாவாரத்தில் நான் ஒருநாளும் தடுமாறியதில்லை. விளக்கில் பிடித்தால் நல்லதா, கூழ்முட்டையா என்று சொல்லிவிடுவேன். சந்தேகமென்றால் கழித்துவிடுவேன். அந்தத் திரையை எவ்வளவு உற்றுப் பார்த்தும் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

குசினிக்குள் அடுப்படியில் அடைகிடக்கிற கோழியின் முட்டைகளை வெள்ளிக்கிழமை விளக்கில் பார்த்து, கூழானதைக் கழிக்கச் சொல்லிவிட்டு வந்தேன் அல்லவா? வேண்டாம். ஒன்றையும் தொடாதேங்கோ. எல்லாம் அதற்குக் கீழேயே இருக்கட்டும்.

உங்கட கடைக்காரி